பள்ளிக்கூடத்தை இடையில் விட்டால் ஒரு தோட்டக் குடும்பத்துக்கு என்ன நட்டம்? கணக்கோடு சொல்லுங்கள்

கேள்வி: நோர்வூட் வாசி

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவில் அடுத்த மாதம் இளைஞர் மன்றத்தால் பெற்றோர் கூட்டம் ஒன்று வைக்கிறோம். 6ஆம் தரத்துக்கே போகாமல் நின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள், 9, 10 வரைக்கும் போய் நின்றவர்களும் இருக்கிறார்கள். ஆண் பிள்ளை என்றால் கொழும்பில் கடை, பெண் பிள்ளை என்றால் வீட்டில் தம்பி தங்கச்சியைப் பார்ப்பது. அதுவே வழக்கமாகிவிட்டது.

"கல்வி கண் போன்றது" என்று மைக்கில் பேசினால் சனம் கை தட்டிவிட்டு, வடையையும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். அவர்கள் கேட்கிற கேள்வி வேறு: "உயர்தரம் படிச்சவனும் புடவைக் கடையிலதானே நிக்கிறான், அப்புறம் எதுக்கு?" அவர்கள் வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை. உட்கார்ந்து யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும்.

படிப்பு இல்லாததால் வீட்டுக் காசு எந்தெந்த வழியில் போகிறது, பிள்ளை எந்த இடத்தில் சறுக்குகிறது, நின்றுவிட்ட பிள்ளைக்கு இனி என்ன செய்யலாம். இந்த மூன்றும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், விபரம் போதும்.

பதில்: செக்றோல்

தம்பி, கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் பள்ளிக்கூடம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். எல்லாரையும் சம்பளத் துண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

2024 செப்டம்பரில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை உதாரணமாக எடுப்போம். இன்றைக்கு உங்கள் துண்டில் என்ன தொகையோ அதைப் போட்டுக்கொள்ளலாம், முறை ஒன்றுதான். மாதம் 25 பேர் (பேர் என்றால் ஒரு நாள் வேலை) விழுந்தால் 33,750 ரூபா. அதில் 8 வீதம், அதாவது 2,700 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்பு) என்று கழிபடும். இது துண்டில் இருக்கும், எல்லாருக்கும் தெரியும். தோட்டம் தன் பங்குக்கு 12 வீதம், 4,050 ரூபா கட்ட வேண்டும். ஆக மாதம் 6,750 ரூபா அந்தத் தொழிலாளியின் கணக்கில் விழ வேண்டும். இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,012 ரூபா 50 சதம், முழுக்கத் தோட்டத்தின் கையிலிருந்து. அந்த 4,050 பற்றி எத்தனை பேருக்குத் தெரியும் என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கழிபடுகிற காசு கண்ணில் படுகிறது, சேர வேண்டிய காசு படுவதில்லை. துண்டை வாசிக்க ஆளில்லாத வீட்டில் அது கட்டுப்பட்டதா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொரு சிக்கல். எல்லாத் தோட்டத்து சேமலாபக் காசும் மத்திய வங்கியில் இருப்பதில்லை. சில இடங்களில் தோட்டத்துறைக்கென்று இருக்கிற தனியான சேமலாப சங்கங்களில் கிடக்கிறது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதானதும் பணத்தை எடுக்கப் போகும்போது எந்த நிதி, என்ன அங்கத்துவ இலக்கம் என்று தெரியாமல் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நிதியின் பெயர், அங்கத்துவ இலக்கம், செக்றோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) இலக்கம், வேலைக்குச் சேர்ந்த திகதி. இந்த நாலையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

கொழுந்து நிறுக்கிற இடம். ஒரு மலைக்கு நோர்ம் (ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவு) 20 கிலோ என்று வையுங்கள். ஒருவர் 21 கிலோ பறிக்கிறார். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று 2 கிலோ வெட்டினால் 19. நோர்ம் விழவில்லை, அரைப்பேர். வெட்டினது 2 கிலோ, போனது அரைநாள் சம்பளம். தராசைப் பார்த்து, எழுதுகிறவர் என்ன எழுதுகிறார் என்றும் பார்த்து, அந்த இடத்திலேயே "ஐயா, என்ன எழுதினீங்க?" என்று கேட்கிறவருக்கு வெட்டு குறையும். மாதக் கடைசியில் கேட்டுப் பயனில்லை.

பெரிய தொகை போகிற இடம் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருசம் முடித்தவர் வேலையை விட்டால் (தானாக விலகினாலும்) அது அவருக்கு உரித்து. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருசத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில். 1,350 x 14 = 18,900. 30 வருசம் என்றால் 5,67,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகமாகக் கட்டவும் சட்டத்தில் இடமிருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? சேர்ந்த திகதியைப் பிந்திப் போடுகிறார்கள். இடையில் சுகமில்லாமல் நின்ற காலத்தைச் சேவை முறிவு என்கிறார்கள். காம்பராவை (லயத்து வீட்டை) காலி செய்தால்தான் காசு என்கிறார்கள். தவணை தவணையாகத் தந்து, முதல் தவணையிலேயே "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற கடதாசியில் பெருவிரல் அடையாளம் வாங்கிவிடுகிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர் அந்த வரியில் நின்றுவிடுவார். தெரியாதவருக்கு மையைத் துடைக்கத் துணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கூட்டத்தில் இதை மட்டுமாவது சொல்லுங்கள்: கைநாட்டு வைக்கிற எந்தக் கடதாசியையும் முதலில் போனில் ஒரு படம் எடுங்கள், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு வையுங்கள். வைத்த பிறகு தகராறு என்றால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போகும்.

பெயர்ச் சிக்கலை இவ்வளவு பேருக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்றோலில் கங்காணி கூப்பிட்ட பெயர், அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதி அதைத் திரும்பத் தமிழாக்கிய பெயர். மூன்றும் மூன்று விதம். ஓய்வு பெறும்போது நிதிக்காரர் "இந்த மூன்று பேரும் ஒரே ஆளா?" என்று கேட்பார். திருத்துகிறபோது வரிசை முக்கியம். முதலில் பிறப்புச் சான்றிதழ் (பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவு), அதன் பிறகு அடையாள அட்டை, கடைசியில்தான் சேமலாப நிதி. தலைகீழாகப் போனால் எல்லாவற்றையும் இரண்டாம் தரம் செய்ய வேண்டி வரும். பிறப்பே பதியப்படாதவர் என்றால் பதிவாளரிடம் பிந்திய பதிவுக்குப் போக வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். தாய் தகப்பன் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டிருந்தால் பிள்ளையின் சான்றிதழில் தகப்பன் பெயர்க் கூண்டு வெறுமையாகக் கிடக்கலாம். பாடசாலைக் காலத்திலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். 15 வயதில் அடையாள அட்டைக்குப் பாடசாலை அதிபர் மூலமே விண்ணப்பிக்கலாம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கு அந்த வழி அடைபடுகிறது, கிராம சேவகரையோ தோட்டத்துரையையோ தேடி அலைய வேண்டும். இப்படிப் பிந்திப் பிந்தி 20, 22 வயதிலும் அட்டை இல்லாமல் இருக்கிற பையன்கள்தான் கொழும்பில் அட்டை கேட்காத முதலாளியிடம் போய் மாட்டுகிறார்கள். அட்டை கேட்காதவர் சேமலாபமும் கட்டமாட்டார்.

கிழமைக் கடன் பற்றியும் ஒன்று. 50,000 ரூபா, 52 கிழமை, வட்டி "வருசத்துக்கு 24 வீதம்தான்" என்பார்கள். முழுத்தொகைக்கும் வட்டி போட்டால் 12,000. மொத்தம் 62,000, கிழமைக்கு 1,192 ரூபா சொச்சம். ஆனால் கடன் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு போகிறது, வட்டி மட்டும் முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்து செல்லும் நிலுவையில் கணக்குப் பார்த்தால் 40 வீதத்துக்கு மேல். 8ஆம் தரக் கணக்கு தெரிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன்னம் இது வெளியில் வந்திருக்கும்.

பதில்: ஆரம்பப் பிரிவு டீச்சர்

செக்றோல் அண்ணன் சொன்னதுக்கு நான் கூட்ட ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

9ஆம் தரத்தில் நின்ற பிள்ளையின் பழைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் 3ஆம் தரத்திலேயே வாசிப்பு நின்றிருக்கும். நம் நாட்டில் வகுப்பேற்றம் தானாக நடக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு பிள்ளை மேலே போகும். வாசிக்கத் தெரியாமலே 6ஆம் தரத்தில் விஞ்ஞானம், வரலாறு, குடியியல் என்று புத்தகங்கள் குவியும்போது பிள்ளைக்கு வகுப்பில் இருப்பதே வெட்கமாகிவிடும். பெற்றோருக்கு அது "படிப்பு ஏறல" என்று தெரியும்.

பெற்றோர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளை வீட்டில் புத்தகத்தை விரித்து மடமடவென்று சொல்லும். அது வாசிப்பு ஆகாது, மனப்பாடம். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொன்ன பாடம். சோதிக்கும் விதம் சுலபம், எழுத வாசிக்கத் தெரிந்த அண்ணன் அக்கா யாரும் செய்யலாம்:

பிள்ளையின் வகுப்புக்கு ஒரு வகுப்புக் கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். படிக்காத ஒரு பக்கத்தில் சுமார் 50, 60 சொல் உள்ள பந்தியைத் தெரிவு செய்யுங்கள். முதலில் பந்தியின் நடுவிலுள்ள ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். மனப்பாடப் பிள்ளை இங்கேயே நின்றுவிடும், அல்லது பந்தியின் தொடக்கத்துக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வரும். பிறகு முழுவதையும் வாசிக்க விட்டு, தடுக்குகிற சொற்களைப் பென்சிலால் குறியுங்கள். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம். இன்னும் ஒரு வகுப்புக் கீழே இறங்குங்கள். கடைசியில் புத்தகத்தை மூடி, "இதில என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். சரளமாக வாசித்தும் பதில் வராவிட்டால் எழுத்துத் தெரிகிறது, பொருள் போகவில்லை.

எங்கே தடுக்குகிறது என்பதில் ஒரு ஒழுங்கு தெரியும். கெ, கே, கை ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ, கௌ என்றால் குறி இரண்டு பக்கமும். நெடிலைக் குறிலாக வாசிப்பது அடுத்தது. ர ற, ல ள ழ, ந ன ண எல்லாம் எழுதும்போதுதான் பிழைக்கும், வாசிப்பை அவ்வளவாக நிறுத்தாது. ஆகவே மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் நாளிலேயே ளகர ழகரத்தில் பிள்ளையைப் பிடித்து வைக்க வேண்டாம். ஒரு மெய்யெழுத்தை எடுத்து, அதன் 12 உயிர்மெய்யையும் வரிசை குலைத்து அட்டையில் எழுதி, தினம் பத்து நிமிடம் காட்டுங்கள். க, த, ப, ம என்று தொடங்கலாம். இரண்டு கிழமையில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தடுக்கல் குறைவது தெரியும்.

மாலை வகுப்பு குழம்புவதற்குக் காரணம் ஒன்றுதான்: 1ஆம் தரம் தொடங்கி 11 வரைக்கும் எல்லாரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி வீட்டுப்பாடம் செய்ய வைப்பது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வீட்டுப்பாடம் என்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவது. தரத்தைப் பார்க்காமல் வாசிப்பு மட்டத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ஒருவருக்கு 6, 7 பிள்ளைகள். 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கிழமைக்கு 4 நாள்.

இரண்டாவது சறுக்கல் 5ஆம் தரத்துக்கும் 6க்கும் இடையில். தோட்டத்துக்குள் இருக்கிற பள்ளிகளில் நிறைய 3ஆம் வகைப் பாடசாலைகள். ஆரம்பப் பிரிவோடு, அல்லது கொஞ்சம் மேலே போய் முடிந்துவிடும். மேலே படிக்க டவுன் பக்கம் போக வேண்டும். நடக்கிற தூரம், ஓட்டோச் செலவு, மழை, அட்டைக்கடி, பெண் பிள்ளை என்றால் தனியாக அனுப்பப் பயம். ஒரே லயத்திலிருந்து நாலு பிள்ளைகள் சேர்ந்து போனால் நிற்காது, ஒன்று மட்டும் போனால் ஒரு தவணைக்குள் நின்றுவிடும். இளைஞர் மன்றம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்: 5ஆம் தரம் முடிகிற பிள்ளைகளின் பட்டியலை டிசம்பருக்கு முன் எடுத்து, எல்லாரையும் ஒரே பாடசாலைக்கு, ஒரே நேரத்துக்கு, ஒரே பெரிய அண்ணன் அக்காவோடு போகும்படி ஒழுங்கு செய்வது. சீசன் டிக்கெட்டுக்கான கடிதத்தையும் பாடசாலை தொடங்குவதற்கு முன்னமே வாங்கி வையுங்கள்.

வரவையும் பாருங்கள். கிழமைக்கு ஒரு நாள் போகாத பிள்ளையை யாரும் "நின்ற பிள்ளை" என்று சொல்லமாட்டார்கள். ஆனால் வருசத்துக்கு அது சுமார் 40 நாள், இரண்டு மாதப் படிப்பு. சம்பள நாள், சந்தை நாள், திருவிழாக் கிழமை, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) கைக்குழந்தையை எடுக்காத நாள். எந்த நாளில் யார் வரவில்லை என்று ஒரு மாதம் குறித்துப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். 5 வயது தொடங்கி 16 வரை பாடசாலைக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம், 2021 இலிருந்து 16க்குக் கீழே வேலைக்கு வைப்பதும் குற்றம். அதைச் சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்தப் போகாதீர்கள். கடைக்கு ஆள் பிடிக்க வருகிற புரோக்கரிடம் சொல்லுங்கள்.

பதில்: ஊவாக்காரன்

எல்லாம் சரி. ஆனால் இந்தத் திரியை வாசித்தால் ஏதோ வாசிக்கத் தெரியாததுதான் குற்றம், ஏமாற்றுகிறவனுக்கு ஒரு பங்கும் இல்லை என்கிற மாதிரி இருக்கிறது. கூட்டத்தில் அப்படிப் பேசினால் சனத்துக்கு அவமானம்.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியில் நின்றன. ஒரு அறை, ஒரு ஆசிரியர், துரையின் தயவு. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாட்டில் இருக்கிறோமா இல்லையா என்றே தெரியாத சனம். 1964 ஒப்பந்தத்தோடு பாதிப் பேர் கப்பலேறுவதா என்று காத்திருந்தார்கள். பிள்ளையை எந்த நாட்டுப் பள்ளிக்கு நம்பி அனுப்புவது? தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பெடுத்தது 1970களின் பிற்பகுதியில்தான், அதுவும் கட்டம் கட்டமாக. ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தித் தொடங்கிய ஓட்டம். இதைப் பெற்றோருக்கு முதலில் சொல்லுங்கள், பிறகு சம்பளத் துண்டை எடுங்கள்.

2019 வீட்டு வருமானச் செலவு அளவீட்டில் நாட்டு வறுமை 14.3 வீதம், தோட்டப் பகுதியில் 33.8 வீதம். அந்தப் பெற்றோர் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதும் ஒரு கணக்குத்தான். இந்த மாதம் அரிசிக்கு வரும் காசா, எட்டு வருசம் கழித்து வரலாம் வராமலும் போகலாம் என்கிற காசா?

"படிச்சவனும் கடையில நிக்கிறான்" என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றால், ஆமாம், நிற்கிறான். ஏன் என்று பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் இருக்கின்றன. ஆனால் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம், கணிதம் இருக்கிற பாடசாலைகள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிள்ளைகளில் மிச்சப் பேர் கலைப் பிரிவுக்குத்தான் போகிறார்கள். கலைப் பிரிவில் மூன்று எஸ் (சாதாரண சித்தி) எடுத்தவருக்குப் பிறகு கடைதான். படிப்பு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. பாதி வழியில் பாலம் இல்லை, அவ்வளவுதான்.

சமூகத்துக்கு இதனால் வருகிற நட்டத்தை ஒரு பொலிஸ் நிலையத்தில் பார்க்கலாம். தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் ஏறுகிறது, சொன்னவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நுவரெலியா மாவட்டத்தில் இருமொழி நிர்வாகம் என்று வர்த்தமானியில் இருக்கிறது, அந்தக் கதிரைகளில் உட்காரத் தகுதியோடு எங்கள் பிள்ளைகள் போதாது. பரீட்சையில் தேறுகிறவர் குறைவு, ஆகவே உத்தியோகத்தர் குறைவு, ஆகவே சனம் தரகரைப் பிடிக்கிறது, தரகருக்குக் கொடுக்கிற காசு பிள்ளையின் டியூஷன் காசு.

பதில்: கிளினிக் பக்கத்து அக்கா

நான் சுகாதாரப் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தாய்மார், அவர்களுக்கு இதுதான் கிட்டின விசயம்.

2016 குடித்தொகை சுகாதார அளவீட்டில் 5 வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 17 வீதம், தோட்டத்தில் 32 வீதம் அளவில். சாப்பாடு குறைவு முதல் காரணம். ஆனால் கிடைக்கிற சத்தே வீணாகிற இடங்களும் இருக்கின்றன, அவை எழுத்தோடு சம்பந்தப்பட்டவை.

இரும்புச்சத்துக் குளிசை. கர்ப்பிணித் தாய் அதைச் சாயத் தண்ணியோடு விழுங்குவார். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது. குளிசைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் தேத்தண்ணி கூடாது. கல்சியம் குளிசையை அதோடு சேர்த்துப் போடாமல் வேறு நேரத்தில் போட வேண்டும். விற்றமின் சி தருவார்கள், அதை இரும்போடு சேர்க்கலாம். மூன்று குளிசை, இரண்டு நேரம். வாசிக்கத் தெரியாத தாய்க்குக் கடதாசி உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தாலே பாதிப் பிழை குறையும்.

திரிபோஷா (கிளினிக்கில் தருகிற சத்துமா) ஒரு நாளைக்கு 50 கிராம் என்ற கணக்கில் தாய்க்கு, அல்லது நிறை குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கிறது. மாதத்துக்கு 750 கிராம் பக்கெட் இரண்டு. வீட்டில் ஐந்து பேர் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் ஒரு கிழமையில் முடியும், யாருக்கும் பயன் இருக்காது.

ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புத்தூள்): பெரிய பக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணியில் கரைக்க வேண்டும். ஒரு கோப்பைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் உப்புக் கூடினால் ஆபத்து, குறைந்தால் பிரயோசனமில்லை. 24 மணி நேரத்துக்குப் பிறகு ஊற்றிவிட வேண்டும். காய்ச்சல் பாணி போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கும். அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. அதனால் சாப்பிடுகிற கரண்டியால் ஊற்றாமல் போத்தலோடு வருகிற மூடி அல்லது ஊசிக்குழலால் அளக்க வேண்டும்.

பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோட்டை மாதா மாதம் தாயே பார்க்கப் பழக வேண்டும். எந்த நிறத்துக்குள் இருக்கிறது என்பதைவிட, கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் படுத்தால் மிட்வைஃப் சொல்லும் வரைக்கும் காத்திருக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

நோர்வூட் வாசி

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஊவாக்காரன் அண்ணன் சொன்னது சரி, பேச்சின் வரிசையை மாற்றிவிட்டோம். மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. உதாரணத்துக்கு இரண்டு பேர்: 14 வயதுப் பெண் பிள்ளை, 8ஆம் தரத்தோடு நின்றது. 19 வயதுப் பையன், சாதாரண தரத்தில் (11ஆம் தர முடிவுப் பரீட்சை) கணிதம் போனது, இப்போது வயரிங் வேலைக்குக் கூடப் போகிறான். இவர்களுக்கு என்ன வழி?

பதில்: ஆரம்பப் பிரிவு டீச்சர்

14 வயதுப் பிள்ளைக்குத் திரும்பப் பள்ளிக்கூடம்தான், வேறு வழி தேட வேண்டாம். கட்டாயக் கல்வி வயதுக்குள் இருப்பதால் அதிபர் சேர்க்க மறுக்க முடியாது. மறுத்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள். இடைவிட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது அவர்கள் வேலை. விடுகைப் பத்திரம் தொலைந்திருந்தால் பழைய பாடசாலையில் பிரதி எடுக்கலாம். சேர்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். திரும்பப் போன பிள்ளை முதல் மாதத்தில்தான் மறுபடி நிற்கும், வயது கூடின பிள்ளை என்று வகுப்பில் கேலி பேசுவார்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, அந்த மாதம் மட்டும் யாராவது கூடப் போய்வாருங்கள். தம்பி தங்கச்சியை யார் பார்ப்பது என்பதற்கும் பதில் தயாராக வேண்டும், அதற்காகத்தான் பிள்ளை நின்றிருக்கும்.

பதில்: செக்றோல்

பையனுக்கு இரண்டு வழியும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

வயரிங் வேலைக்குத் தேசிய தொழில் தகைமை இருக்கிறது, 1 தொடங்கி 7 மட்டம் வரை. 2, 3, 4 கைத்தொழிலாளர் மட்டம், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல் செய்த வேலையை வைத்தே மதிப்பீடு செய்கிற முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையும் உண்டு. அதற்குச் சாதாரண தரம் சித்தி கேட்பதில்லை, வேலை தெரிந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே இன்றிலிருந்தே செய்த வேலைகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். போர்டைத் திறந்து இணைப்புத் தெரிகிற மாதிரி, திகதியோடு. பாஸிடமிருந்து (வேலைக்குக் கூட்டிப்போகிற மேஸ்திரி) எவ்வளவு காலம் வேலை செய்தான் என்ற கடிதமும் வேண்டும். மதிப்பீட்டில் கையால் செய்து காட்டுவதில் பையன்கள் தேறிவிடுவார்கள், "இந்த இடத்தில் ஏன் இந்த அளவு வயர்?" என்று வாயால் கேட்கும்போதுதான் தடுமாறுவார்கள். மொழி தமிழா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். தனியார் இடத்தில் காசு கட்டுவதென்றால் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் இரண்டுமே பதியப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். நிறுவனம் பதிந்திருக்கும், பாடநெறி பதிந்திருக்காது. இந்தத் தந்திரம் நிறைய நடக்கிறது.

கணிதத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். அடையாள அட்டை கட்டாயம், விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவற விடாதீர்கள்.

பதில்: ஆரம்பப் பிரிவு டீச்சர்

கணிதத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு. இரண்டு வினாத்தாளும் சேர்த்து 200 புள்ளி, அதை இரண்டால் பிரிக்கிறார்கள். எஸ் எடுக்க 35, அதாவது 200க்கு 70 போதும். முதலாம் தாளில் அ பகுதி 25 சிறு வினா, ஒன்றுக்கு 2 புள்ளி. ஆ பகுதி 5 வினா, ஒன்றுக்கு 10. அ பகுதியில் 15 வினா சரியென்றால் 30, ஆ பகுதியில் பாதிக்குக் கொஞ்சம் கூட எடுத்தால் 28. மிச்சம் 12ஐ இரண்டாம் தாளில் எடுக்கலாம், வட்டி, வரி அல்லது வரைபு வினா ஒன்றிலும் இன்னொன்றின் பாதியிலும் கிடைத்துவிடும். ஆ பகுதியில் பின்னம், ஆரைச்சிறையின் சுற்றளவும் பரப்பும், வீதக் கணக்கு, புள்ளிவிபரப் படம், நிகழ்தகவு ஆகியவை திரும்பத் திரும்ப வரும். பையன் கேத்திரகணித நிறுவலில் உட்கார்ந்து மூன்று மாதத்தை வீணாக்க வேண்டாம். இந்த ஐந்தையும் கடந்த வினாத்தாள்களில் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே வகை வினாவைப் பத்துத் தடவை செய்யட்டும். வயரிங் செய்கிற பையனுக்குப் பின்னம்தான் பெரும்பாலும் காலை வாரும், அதிலும் அடைப்புக்குறியை முதலில் சுருக்காமல் இடமிருந்து வலமாகப் போவதால். அங்கே தொடங்குங்கள்.